பதினோராம் பக்கத்து வரி

மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, என் மருமகள் மூன்று கடிதங்களின் மேலும் மூன்று பொருள்களை வைத்திருந்தாள். ஸ்காட்லாந்திலிருந்து வந்ததன் மேல் மைலோ டின். மெல்பர்னிலிருந்து வந்ததன் மேல் ஊறுகாய் பாட்டில். உள்ளூர்ப் பல்கலைக்கழகக் கடிதம் ஒரே ஒரு தாள்தான்; அதற்கு என் மூக்குக் கண்ணாடிக் கூடு போதுமாக இருந்தது. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவை ஒரு வாரம் அப்படியே கிடந்தன. மேசையின் மறுபாதியில் தட்டுகளை நெருக்கி வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். மூன்றுமே சமூகப் பணியில் முதுகலை படிக்க அவளுக்குக் கிடைத்த இடங்கள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. எனக்கு எழுபதைத் தாண்டியிருந்தது.

என் மகன் துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தான். திருமணமான நான்காம் வருடம், காப்பார் சாலையில் ஒரு லோரியின் பின்னால் மோட்டார் சைக்கிளோடு போய் மோதி விழுந்தான். குழந்தை இல்லை. என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மருமகளின் அண்ணன் காஜாங்கிலிருந்து காரோடு வந்து காத்திருந்தார். அவள் ஒரு பையைக்கூட எடுத்து வைக்கவில்லை. "மாமாவுக்கு யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டு வெறும் காரோடு திரும்பிப் போனார். அவள் கேட்ட கேள்வியை அவள் கொடுத்த வாக்காக நான் எடுத்துக்கொண்டேன். என் தவறுகள் அங்கேதான் தொடங்கின என்று இப்போது நினைக்கிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றின் சமூகப் பணிப் பிரிவில் அவள் உதவியாளராக இருந்தாள். வார்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு யாரும் திரும்பி வராத கிழவர்கள்தான் பெரும்பாலும் அவளுடைய வேலை. அவர்களின் பிள்ளைகள் தவறான தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் அந்தக் கிழவர்களின் கட்டில் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவாள், வீடு தேடிப் போவாள், அறிக்கை எழுதுவாள். அறிக்கையின் கீழே வேறொருவர் கையெழுத்திடுவார். சமூகப் பணியில் பட்டம் இல்லாமல் அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தன் வேலையைப் பற்றி ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "கேள்வியக் கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும் மாமா. அதான் கஷ்டம். நாம பேச ஆரம்பிச்சா அவங்க தப்பிச்சிருவாங்க." இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் கொம்யூட்டர் ரயிலில் போய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வகுப்பில் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தாள். திரும்பும்போது எனக்கு மசால் வடை வாங்கி வருவாள். ரயிலின் குளிரில் அது ஆறிப்போயிருக்கும். ஒருநாளும் நான் அதைக் குறை சொன்னதில்லை. அவள் எதற்காகப் படிக்கிறாள் என்று கேட்டதும் இல்லை.

நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்வதை மலாயிலும் ஆங்கிலத்திலும், அவற்றில் கேட்பதைத் தமிழிலும் சொல்வது என் தொழில். எதையும் கூட்டக் கூடாது, எதையும் விடக் கூடாது. கள்ளுக்கடைச் சண்டை வழக்கில் ஒரு சாட்சி, "இவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வயித்தால போவுது ஐயா" என்றார். அதை முகம் மாறாமல் மலாயில் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். மொத்த நீதிமன்றமும் சிரித்தது. நானும் மாஜிஸ்திரேட்டும் சிரிக்கவில்லை. ஒரு வரியை விட்டுவிட்டேன் என்று என் மேல் ஒருநாளும் யாரும் புகார் சொன்னதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்தது எப்படிப்பட்டது என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வாரம் முழுக்க அவள் எடை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளூரில் சேர்ந்தால் வார இறுதி வகுப்பு, வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆனால் களப்பயிற்சிக்கு அவளை அவளுடைய வார்டிலேயே போட்டுவிடுவார்கள். "என்னை நானே மேற்பார்வை பண்ணி எனக்கு நானே மார்க் போட்டுக்கணும் போல" என்று சிரித்தாள். மெல்பர்ன் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. மீதிப் பாதிக்கு அவள் நகையும் சேமநிதியும் சேர்ந்தாலும் போதாது. ஸ்காட்லாந்து எல்லாவற்றையும் கொடுத்தது. கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவு, அதற்கு மேல் மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்க்கும் மருத்துவமனையில் களப்பயிற்சி. திரும்பி வந்து இரண்டு வருடம் இங்கே வேலை செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. "அதுக்கு நிபந்தனை எதுக்கு மாமா, நான் வேற எங்க போகப் போறேன்?" என்றாள். அந்தக் களப்பயிற்சிப் பத்தியை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். இரண்டாவது தடவை தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

செய்தி மாடிப்படி வழியாகப் பரவியது. கீழே ஒட்டுக்கடையில் காலைத் தேநீருக்குப் போனபோது, பக்கத்து வீட்டு ஆன்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன அங்கிள், மருமக வெள்ளைக்காரன் ஊருக்குப் போறாளாமே? இனிமே உங்களுக்கு மூணு வேளையும் கடைத் தாபாவ்தான் லா." கடைக்காரர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "கவலப்படாதீங்க, அங்கிளுக்கு ஒரு கணக்கு திறந்து பொட்டலம் கட்டிக் குடுத்துடறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவளுடைய அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். கட்டிலும், மடித்து வைத்த போர்வையும், மேசையில் புத்தகங்களும் இருந்தன. இவை இல்லாத அறையை நினைத்துப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டின் எல்லா விளக்குகளையும் போட்டேன்.

அன்று மாலை ஸ்காட்லாந்து உதவித்தொகையின் விதிமுறைகளை என் கையில் கொடுத்தாள். பதினான்கு பக்கம். "கோர்ட்டு பாஷையா இருக்கு மாமா. நீங்க படிச்சிட்டு சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணும்." பென்சிலோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். பதினோராம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. உதவித்தொகை அந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டுமே உரியது. எக்காரணம் கொண்டும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட மாட்டாது. அதற்கு இரண்டு பத்திகள் மேலே, பல்கலைக்கழக அனுமதியை மட்டும் ஓராண்டு ஒத்திவைக்கலாம் என்று இருந்தது.

அடுத்த நாள் அவளை உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாக விளக்கினேன். காப்பீடு, விசா, திரும்பி வரும் நிபந்தனை எல்லாம். பதினோராம் பக்கத்தில் மேலே இருந்த பத்தியைச் சொன்னேன். கீழே இருந்த வரியைத் தாண்டிப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனேன். கடைசியில், என் இடது கண்ணில் புரை முற்றிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அறுவை சிகிச்சைக்கு அவசரமில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. "ஒரு வருஷம் தள்ளிப் போட்டா என்னம்மா? கண்ணு முடிஞ்சதும் நிம்மதியா போயிட்டு வா."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தள்ளிப் போட முடியுமா மாமா?"

"அட்மிஷனத் தள்ளிப் போடலாம்னு போட்டிருக்கு."

சொன்ன வார்த்தை உண்மை. அவள் கேட்டது அதையல்ல என்பது எனக்குத் தெரியும். சாட்சிகள் இப்படிப் பதில் சொல்லும்போது எத்தனை வக்கீல்கள் மடக்குவதை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அவள் மடக்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. புரையைப் பற்றி, சொட்டு மருந்தைப் பற்றி, ஷா ஆலமில் யாருக்கோ கண் போன கதையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை அவள் ஒரு வருடம் ஒத்திவைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். மற்ற இரண்டு இடங்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஆண்டு, துணி மடித்துக்கொண்டே, "ஸ்காலர்ஷிப் இல்லையாம் மாமா. அது போன வருஷத்தோட முடிஞ்சிருச்சாம்" என்றாள். "அப்படியா? அது எப்படி?" என்றேன். இப்படிக் கேட்டதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. வரியை விட்டது பயத்தில். ஆச்சரியப்பட்டு நடித்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. அவள் மடித்த துணியை அடுக்கிவிட்டு எழுந்து போனாள். பிறகு மறுபடி விண்ணப்பித்து உள்ளூரிலேயே சேர்ந்து, இரண்டரை வருடம் வார இறுதிகளில் படித்து முடித்தாள். களப்பயிற்சிக்கு அவள் சொன்னபடியே அவளுடைய வார்டில்தான் போட்டார்கள். பட்டமளிப்பு விழாவில் என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள்.

என் கண்ணுக்கு அறுவை சிகிச்சை அதற்கும் பிறகுதான் நடந்தது. நான்தான் ஒவ்வொரு முறையும் தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று மருத்துவமனைக் காத்திருப்பு நாற்காலியில், கண்ணில் மருந்து விட்டு எல்லாம் கலங்கியிருந்தபோது, பக்கத்தில் இருந்த அவளிடம் சொன்னேன். முகம் தெரியாததால்தான் சொல்ல முடிந்தது. "அந்தப் பதினோராம் பக்கத்துல ஒரு வரி இருந்துச்சும்மா. நான் வேணும்னேதான் சொல்லல."

"தெரியும் மாமா. உங்ககிட்ட குடுக்கிறதுக்கு முந்தியே படிச்சிட்டேன்."

அவள் பக்கம் திரும்பினேன். "அப்புறம் எதுக்கு எங்கிட்ட குடுத்த?"

"நீங்க என்ன சொல்வீங்கன்னு பாக்கத்தான்." குரலில் கோபம் இல்லை. "போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். தனியா இருக்க பயமா இருக்கு, போகாதன்னு சொல்லியிருந்தா மனசார இருந்திருப்பேன். நீங்க ரெண்டும் சொல்லல மாமா. எனக்கு அதான் கஷ்டமா போச்சு." அப்போது தாதி என் பெயரைக் கூப்பிட்டார். அவள் என் முழங்கையைப் பிடித்துக் கதவுவரை கொண்டுபோய் விட்டாள்.

ஆறு மாதம் கழித்து ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் அதிகாரியாக வேலை கிடைத்துப் போனாள். இப்போது அறிக்கைகளில் அவள் கையெழுத்துதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கால் வீக்கம் எப்படி இருக்கு என்று கேட்பாள். வார்டில் உட்கார்ந்து கேட்பதும் இதே வரிசையில்தான் இருக்கும் என்று தோன்றும். போன மாதம் ஒரு ஞாயிறு, எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் காத்திருந்தாள். ஏனோ அன்று என் வாயில் வேறு பேச்சு வரவில்லை. "பயமா இருக்கும்மா. வீட்டுல சத்தமே இல்ல" என்றேன்.

"சரி மாமா" என்றாள். "நல்லவேளை சொன்னீங்க. நான் ஒரு ஏற்பாடு பண்றேன்."

வருவாள் என்று நினைத்தேன். அவளுடைய அறையைப் பெருக்கி, போர்வையை வெயிலில் போட்டு வைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் கதவைத் தட்டியது வேறொரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்க்கும் வேலையாம். "ஈப்போ அக்காதான் அனுப்புனாங்க அங்கிள். நான் அவங்ககிட்டதான் பிராக்டிகல் பண்ணேன்" என்றாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள். வயது, நோய், மருந்து, அவசரத்துக்குச் சாவி யாரிடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நெருங்கிய உறவு யார் என்றாள். மருமகள், இத்தனை வருடமும் இங்கேதான் இருந்தாள், இப்போது ஈப்போவில் என்றேன். "அக்கா உங்க மருமகளா? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள், "இவ்ளோ வருஷம் உங்க கூடத்தான இருந்தாங்க? ஏன் அங்கிள் போயிட்டாங்க?"

கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். எதுவும் பேசாமல் இருந்தாள். அந்தப் பழக்கத்தை யாரிடம் கற்றாள் என்று எனக்குத் தெரியும்.

நான் சொன்னேன். பதினான்கு பக்கத்தையும், விட்ட வரியையும், நடித்ததையும், இங்கே எழுதியிருப்பது போலவே வரிசையாகச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தையும் எழுதிக்கொள்ளவில்லை. முடித்தபோது என் தேநீர் ஆடை கட்டியிருந்தது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேரே இருந்த கட்டத்தைப் பார்த்து, என்ன எழுதுவது என்று அவள் தயங்கினாள்.

"இது அக்காவுக்குத் தெரியுமா அங்கிள்? நான் ஏதாச்சும் சொல்லட்டுமா?"

"தெரியும்மா" என்றேன். "நீ சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்ல. வேலை வேற ஊருல கிடைச்சிருச்சுன்னு எழுதிக்கோ."

அவள் எழுதினாள். அடுத்த வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு, காப்பாரில் இன்னொரு கிழவரைப் பார்க்கக் கிளம்பினாள். அவளுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் சாலை முனைவரை கேட்டது. பிறகு வெயிலில் கிடந்த போர்வையை எடுத்து வந்து மடித்து, அலமாரிக்குள் வைத்தேன்.