விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. திறந்தால் காற்றுத்தான் வரும். துறைமுகப் பக்கத்து விடுதிகள் அதே குழாயில் மோட்டார் பூட்டி இழுக்க, கடைசியில் கிடக்கிற எங்களுக்கு உஸ் என்ற சத்தம் மட்டும் மிஞ்சும். பில் ஒரு மாதமும் தவறியதில்லை. கிணறுகளில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் வண்டி கொண்டுவருகிற பவுசர்காரன் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய வீதிப் பொதுக்குழாயிலிருந்து பிளாஸ்டிக் கானில் பிடித்துத் தூக்கி வரவேண்டும்.

என் தங்கை அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தாள், நிறைமாத வயிற்றோடு. அவள் புருஷன் கடலுக்குப் போய்விடுவான். நான் கடை வேலை முடிந்து வருவதற்குள் அவளே போய்விடுவாள். பாரம் தூக்கக்கூடாது, உப்புத் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போனார். தூக்காமல் எதைக் குடிப்பது என்று அவர் சொல்லவில்லை.

தண்ணீர் வழங்குகிற கந்தோருக்கு நடையாய் நடந்த பிறகு, ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அங்கேதான் நாங்கள் கெட்டோம். ஆள் வருகிறார் என்றதும் ஒழுங்கைப் பெண்களுக்குக் கை கால் ஓடவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து காசு போட்டுப் பவுசர் எடுத்துத் தண்ணீர்ப் பரல்களை நிரப்பினார்கள். எங்கள் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். கால் கழுவ வாசலில் ஒரு வாளி. பக்கத்து வீட்டு ராத்தா, பெருநாளுக்கு மட்டும் எடுக்கிற கண்ணாடிக் கிளாஸ்களை அலுமாரியிலிருந்து இறக்கித் தேசிக்காய் கரைத்தார்.

"ராத்தா, தண்ணி இல்லையெண்டு காட்டத்தானே அவரைக் கூப்பிட்டனாங்கள்?" என்றேன்.

"அதுக்கு? வாசலுக்கு வந்த மனிசனை வறண்ட தொண்டையோட அனுப்பச் சொல்லுறியா?"

அதிகாரி வந்தார். கால் கழுவினார். கதிரையில் சாய்ந்து இரண்டு கிளாஸ் குடித்தார். ஈர முற்றத்தையும் நிரம்பிய பரல்களையும் பார்த்தார். குழாய் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தொட்டும் பார்க்கவில்லை.

"இங்க தண்ணிக்குப் பெரிய கஷ்டம் ஒண்டும் இல்லையே" என்றபடி எழும்பினார். நான் குழாயைத் திறந்து காட்டப் போவதற்குள் வாகனம் புறப்பட்டுவிட்டது.

அந்தப் பரல்கள் காலியானதும் தங்கை மறுபடியும் கானோடு போனாள். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மரியாதையை வயிறு முட்டக் குடித்துவிட்டு, எங்களையே பொய்க்காரராக்கிவிட்டுப் போயிருக்கிறான். அவர் என்று சொல்ல அப்போது நாக் கூசியது. என்னைவிட ராத்தாவுக்குத்தான் கோபம். அந்தக் கிளாஸ்களைக் கழுவித் துடைத்து, திரும்ப அலுமாரியில் ஏற்றாமல் குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பிறகு ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வெறுங்கான்களோடு கந்தோருக்குள் போய் நிலத்தில் உட்கார்ந்தோம். தங்கை முன்னால் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியை எழும்பு என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"அடுத்த கிழமை வாறன், இப்ப போங்கோ" என்றார் அதே அதிகாரி.

"ஏலாது சேர். இப்பவே எங்களோட வாங்கோ" என்றேன். ஒருவரும் அசையவில்லை. மத்தியான வெயிலில் அவர் வரவேண்டியதாயிற்று.

இந்த முறை முற்றத்தில் புழுதி. பரல்களின் அடி தெரிந்தது. ராத்தா மட்டும் சிரித்த முகத்தோடு, அதே பெருநாள் கிளாஸில் தேசிக்காய்த் தண்ணீர் நீட்டினார். தாகத்தோடு வந்தவர் ஒரு பெரிய மிடறு இழுத்தார். கரைத்திருந்தது கிணற்றுத் தண்ணீரில். முகம் கோணிற்று. அத்தனை பெண்களுக்கு முன்னால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"குடியுங்கோ சேர்" என்றாள் தங்கை. "கான் தூக்க ஏலாத நாளில நான் இதைத்தான் குடிக்கிறன். என்ர வயித்தில இருக்கிற பிள்ளையும்தான்."

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கையால் சாடை காட்டினார். நான் குழாயைக் காட்டினேன். ஓடிப் போய்த் திறந்தார். உஸ் என்றது.

துப்ப இடம் தேடினார். முற்றம் முழுக்க நாங்கள் நின்றோம். ஒருவரும் விலகவில்லை.