எல்லாரும் கண்ணை மூடுங்கள்

ஜெபம் பண்ணும்போது நான் கண்ணை மூடுகிறதில்லை. சின்ன வயதில் ஒரு உபவாசக் கூட்டத்தில் பயபக்தியாக மூடி, திறந்து பார்த்தால் வாசலில் விட்ட புதுச் செருப்பைக் காணோம். அன்றைக்கு முடிவு பண்ணினது. கல்யாணமாகிப் போடிக்கு வந்து, வீட்டுக்காரரோடு ஏலக்காய்க் கடையில் உட்கார ஆரம்பித்த பிறகு அந்தப் பழக்கம் இன்னும் கெட்டிப்பட்டுப் போனது. எங்கள் வியாபாரத்தில் காய் ரொம்பப் பச்சையாக இருந்தால் சாயமா என்று பார்க்க வேண்டும், கனத்தால் ஈரமா என்று பார்க்க வேண்டும். மூட்டையின் வாயில் இருக்கிற காய் வேறு, அடியில் இருக்கிற காய் வேறு. முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவாமல் நான் ஒரு மூட்டையும் வாங்கினதில்லை.

அதற்காக எனக்கு ஆண்டவர்மேல் நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆண்டவரை நம்புகிறேன். அவரைச் சுற்றி நிற்கிறவர்களைத்தான் கொஞ்சம் கவனித்துக்கொள்கிறேன்.

"நீ பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு நெலையத் தட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள போவ" என்பார் வீட்டுக்காரர். அவர் எனக்கு நேர் எதிர். யாராவது எதிரில் நின்று கண்ணைக் கசக்கினால் போதும், மனுஷர் உருகிவிடுவார். கடையில் இரண்டு பேரும் அப்படி இருந்தால் கடை எப்போதோ மூடியிருக்கும்.

எங்கள் சபையிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஊழியத்துக்குப் போவோம். போடிமெட்டு தாண்டி ஏலத் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்களின் லயங்கள், வரிசைக் குடியிருப்புகள், இருக்கின்றன. பாட்டு, ஜெபம், பிள்ளைகளுக்கு பிஸ்கட், வயதானவர்களுக்குப் போர்வை, அவ்வளவுதான். அந்தத் தடவை ஜீப்பு ஓட்டியவன் புதிதாக ஞானஸ்நானம் எடுத்த ஒருத்தன், குரங்கணிப் பக்கத்துக்காரன். வாரநாளில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு. முன்கண்ணாடியில் இருந்த முருகன் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வசனம் ஒட்டியிருந்தான். சரியாகச் சுரண்டாமல் வேலின் நுனி மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது.

எனக்கு அவன்மேல் சந்தேகம். முழுகி எழுந்த கையோடு சபைச் சவாரி எல்லாம் அவனுக்கே போய்விட்டது. கல்யாணமா, கன்வென்ஷனா, ஆஸ்பத்திரியா, கூப்பிடு அவனை. "ஆண்டவரத் தேடி வந்தானா, சவாரியத் தேடி வந்தானா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எதத் தேடி வந்தா என்ன, வந்துட்டான்ல" என்றார். இப்படித்தான் ஈர மூட்டையையும் வாங்கி வைப்பார்.

லயத்தில் கூட்டம் முடிய நேரமாகிவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. கீழே போடியில் சாயங்கால ஆராதனை இருந்ததால் போதகர் பரபரத்தார். வழக்கமாக மெட்டில், இறக்கம் தொடங்குகிற இடத்தில், ஜீப்பை ஓரமாக நிறுத்திச் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் இறங்குவோம். முன்பு வந்த டிரைவர்கள் அந்த நேரத்தில் இறங்கிப்போய் ஒரு பீடியைப் பற்றவைத்து ஊதி முடிப்பார்கள். ஜெபமும் பீடியும் சரியாக ஒரே நேரத்தில் முடியும். அன்றைக்கு, "வண்டி ஓடட்டும் தம்பி, ஓடிக்கிட்டே ஜெபிச்சுக்குவோம்" என்றார் போதகர். பின்சீட்டில் எங்களோடு இருந்தவர் எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார்.

எல்லாரும் மூடினார்கள். வீட்டுக்காரர் டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் இருந்தார். நான் அவருக்கு நேர் பின்னால். அங்கிருந்து பார்த்தால் உள்கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரியும். வெளியே பனிமூட்டம், ரோடு நனைந்து கிடந்தது. போதகர் "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தார். கண்ணாடியில் அவன் கண் மூடியது. இமைக்கிறான் என்றுதான் நினைத்தேன். திறக்கவில்லை. உதடு வேறு முணுமுணுக்கிறது.

"அடப்பாவி!" என்று நான் கத்துவதற்குள் ஒரு கை குறுக்கே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. என் வீட்டுக்காரர் கை. வலதுபக்கம் பள்ளம், இடதுபக்கம் பாறை. ஜீப்பு பாறையில் போய் உரசி, முட்டி, சாய்ந்து நின்றது. பின்சீட்டில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். டிரைவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பாறைப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் வீட்டுக்காரர் அல்லவா, அவருடைய இடதுகால் நசுங்கிய தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது.

எங்களுக்குப் பின்னால் இறங்கிவந்த ஜீப்புக்காரர்கள்தான் கம்பியால் தகரத்தை நெம்பி அவரை எடுத்தார்கள். "சேச்சி, நோக்கண்டா, பாக்காதீங்க, இங்கிட்டு வாங்க" என்று ஒரு தோட்டத்துப் பெண் என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். நான் அவளைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். எனக்குப் பார்த்தாக வேண்டும். கால் நசுங்கிக் கிடந்தது. அந்த நிலைமையிலும் டிரைவர் பக்கத்தில் போய் அவன் வாயை முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம். குடிகாரர்களும் அதைத்தானே மெல்லுவார்கள் என்று சந்தேகம் இரண்டு மடங்கானது.

தேனியில் முதலுதவி செய்து இரண்டு பேரையும் மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் அன்றைக்கே ஆபரேஷன். ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறோம் என்றார் டாக்டர். விரலில் சூடு திரும்பினால் கால் தப்பும், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். சரிவுச் சரிவாகத் தோட்டம் ஏறிக் காயைப் பார்த்து விலை பேசுகிற மனுஷர். கடையில் ஒரு இடத்தில் உட்காரச் சொன்னாலே கால் கடுக்குகிறது என்று எழுந்து போய்விடுவார். அவரைக் கால் இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆண்டவரே, கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வியாபாரம் உமக்கு எதற்கு என்று நேராகவே கேட்டேன்.

மறுநாள் காலையில் விரல் சில்லென்றுதான் இருந்தது. மத்தியானம் வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சபையார் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் பேசினதைக் கேட்டுத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. குறுக்கே காட்டுமாடு வந்ததாம். அதன்மேல் மோதாமல் இருக்கத்தான் ஜீப்பைத் திருப்பினதாம்.

"ஆனை உசரமாம்ல" என்றார் ஒருவர். "கண்ணு ரெண்டும் நெருப்பு" என்றாள் ஒரு அம்மா. இவள் என் பக்கத்துச் சீட்டில் கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தவள். "சாத்தான் எந்த ரூபத்துலயும் வருவான், ஆனா கர்த்தர் நம்ம தலைமயிருல ஒண்ணக்கூட விழ விடல" என்றார் போதகர். எனக்கு வந்ததே ஆத்திரம். தலைமயிர் விழவில்லை, சரி. உள்ளே ஒரு மனுஷனின் கால் சில்லிட்டுக் கிடக்கிறதே, அது எந்தக் கணக்கு? ஆனால் கேட்கவில்லை. போதகருக்கு இரவெல்லாம் தூங்காத முகம். கண்ணை மூடியிருந்தவர்கள் மாட்டைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

மாட்டுக் கதையைக் கிளப்பிவிட்டது டிரைவராகத்தான் இருக்க வேண்டும், தப்பிக்கப் பார்க்கிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. விசாரிக்க வந்த போலீசுக்காரர் வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போகிறதற்கு முன்னால் இவன் வாயாலேயே உண்மையை வரவழைக்க வேண்டும் என்று தேடிப் போனேன். தோளில் கட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"மாடு எந்தப் பக்கமிருந்துடா வந்துச்சு?" என்றேன்.

"மாடு வரலக்கா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "பெறகு?"

"அண்ணன்தான்க்கா தேனியில போலீசு கேக்கயில மாடுன்னாரு. நான் வாயத் தொறக்கப் போனேன், கையப் பிடிச்சு அமுக்கிட்டாரு."

"நீ என்னடா பண்ண?"

"கண்ண மூடுனேன்க்கா."

"ஏண்டா மூடுன? வண்டி ஓட்டுறவன் கண்ண மூடுவானாடா, கூறுகெட்டவனே!"

"ஐயா எல்லாரும் மூடுங்கன்னாரு. ஜெபத்துல கண்ணத் தொறந்திருக்கவனுக்கு விசுவாசம் இல்லன்னு ஞானஸ்நான வகுப்புல சொல்லியிருக்காரு." அவன் குரல் உடைந்தது. "நானும் எல்லாருல சேத்திதானக்கா."



"அப்ப ஸ்டியரிங்க யாருடா பிடிப்பா?" என்று கேட்டேன்.

"கர்த்தர் பிடிச்சுக்குவாருன்னு நெனச்சேன்க்கா. அண்ணன் பிடிச்சாரே." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல அழுதான். "அதுக்கு அண்ணன் காலையா எடுத்துக்கிறது?"

இவன் நடிக்கிறானா என்று அப்போதும் முகத்தை உற்றுப் பார்த்தேன். என் புத்தி அப்படி. மூக்கு ஒழுகுவதைக்கூடத் துடைக்காமல் நின்றான். இவனை எந்த மூட்டையில் சேர்ப்பது என்று தெரியாமல் உள்ளே போனேன்.

வீட்டுக்காரர் விழித்துத்தான் கிடந்தார். காலை ஒரு வளைவுக் கம்பிமேல் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். நீங்க?"

"பாக்காமயா பிடிச்சேன்?"

"நீங்க கண்ண மூடித்தான ஜெபிப்பீங்க?"

"கோயில்ல மூடுவேன். மலையில எறங்கயில ஒருநாளும் மூடுனதில்ல."

இத்தனை வருஷம் கூட இருந்து எனக்குத் தெரியாது. இந்த அப்பாவி மனுஷரா என்று பார்த்தேன்.

"பொய் எதுக்குச் சொன்னீங்க? காலு போயிருமோன்னு நான் இங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவனக் காப்பாத்துறதுக்கு உங்களுக்கு மாடு கேக்குதா?"

அவர் வலியோடு மெதுவாகச் சொன்னார். "நாம பொறந்ததுலருந்து கோயிலுக்குப் போறோம். கர்த்தர் கையில விட்டுட்டேன், விட்டுட்டேன்னு பாடுறோம். நீ விடல. நானும் விடல. அந்த ஜீப்புல ஸ்டியரிங்கையே விட்டவன் அவன் ஒருத்தன்தான். கிறுக்குத்தனம்தான், இல்லங்கல. அதுக்காக அவனப் பிடிச்சு உள்ள போடச் சொல்லுவியா?"

"அவன் கிறுக்குத்தனத்துக்கு உங்க காலா?"

"அதத்தான் நானும் ராத்திரியெல்லாம் அவருட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். கண்ணோரம் நனைந்திருந்தது.

பிற்பாடு போலீசுக்காரர் கேட்டபோது நானும் மாடு என்றுதான் சொன்னேன். எவ்வளவு பெரிய மாடு என்று கேட்டார். கிட்டப் போய் அளந்தா பார்த்தேன் என்று எரிந்து விழுந்தேன். அதற்குமேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அது அப்புறம். அப்போது வார்டில் மத்தியானச் சாப்பாட்டு வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் வருகிற நேரம். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். உள்ளங்கையெல்லாம் வியர்வை.

"அவங்க வரதுக்கு முன்னாடி நீ ஒருக்கா தொட்டுப் பாரு."

"நானா?"

"வேற யாரு தொட்டாலும் நீ நம்ப மாட்ட. எனக்குப் பாக்கப் பயமா இருக்கு" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போர்வைக்குள் கையை விட்டேன். ஆயிரம் மூட்டைக்குள் விட்ட கைதான். கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரலைப் பிடித்தேன். இளஞ்சூடு. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். இது என் கையின் சூடாக இருக்கும். கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, விரலெல்லாம் சில்லிடுகிற வரைக்கும் வைத்திருந்து, மறுபடியும் தொட்டேன். சூடுதான். அதற்கடுத்த விரல், அதுவும் சூடு. அப்படியும் மனசு ஒப்பவில்லை. குனிந்து, அந்த மருந்து நாற்றத்தோடு, விரலை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

"என்ன? சொல்லு" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"பேசாமப் படுங்க" என்றேன். "இன்னொரு தடவ பாத்துக்கிர்றேன்."