அழித்துக் கொடுத்த நாவல்

குயிலாப்பாளையம் தாண்டி இருக்கிற அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே என் கையில் ஒரு நாவலையும் ஒரு தாளையும் கொடுத்தார்கள். நான் உயர்நிலை ஆங்கில இலக்கியம் கேட்டிருந்தேன். அந்த வகுப்பு எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பது தாளில் இருந்தது. விடுமுறையில் நாவலை முழுதாகப் படிக்க வேண்டும். கையில் பென்சில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். தோன்றுவதை ஓரத்தில் எழுத வேண்டும், முதல் நாள் அதைப் பார்ப்பார்கள். நோட்ஸ், கைடு பக்கமே போகக் கூடாது. கதைச் சுருக்கம் வேண்டாம், உன் கருத்து வேண்டும், அதற்கு ஆதாரம் புத்தகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கடைசி வரியைத்தான் இரண்டு முறை படித்தேன்: இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஒத்துவராதவர்களைச் சாதாரண ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள்.

மாறிப் போக எனக்கு இஷ்டமே இல்லை. மரக்காணத்தில் பத்தாவது படித்தபோது ஆங்கிலப் பரீட்சையில் நான் எழுதிய ஒரு பதில்கூட என்னுடையது கிடையாது. எல்லாம் போர்டில் எழுதிப்போட்டது. கமா எங்கே வரும் என்பது உட்பட மனப்பாடம் செய்து, நல்ல மார்க்கும் வாங்கினேன். அதனால் 'உன் கருத்து' என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் எனக்குப் பசி எடுத்த மாதிரி இருந்தது.

அப்பா உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிறவர். போர்வெல்லிலிருந்து உப்புத் தண்ணீர் எடுத்துப் பாத்திகளுக்கு விடுகிற வேலை. மே மாதம் முழுக்க நான் அந்த மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே மோட்டார் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. நாவல் ஒரு குளிர் தேசத்து அக்கா தங்கை பற்றியது. செத்துப்போன அப்பாவின் வீட்டை என்ன செய்வது என்று முந்நூறு பக்கம் பேசுகிறார்கள். முதல் நாற்பது பக்கத்துக்கு அகராதியும் நானும் மாரடித்தோம். அப்புறம் அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்த பிறகு அகராதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் கிறுக்கினேன். அவசரத்தில் வந்ததெல்லாம் தமிழ்தான்.

எங்கள் சர்ச் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. மே கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் பின்னால் இருக்கிற ஞாயிறு வகுப்புக் கூடத்தில் பிள்ளைகள் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துக்கொள்வது எங்கம்மா. பென்சில் எழுத்து இருந்தால் அப்படியே வாங்கி வைக்க மாட்டாள். "எழுதனதோட தர்றியேம்மா, எடுத்துட்டுப் போற பிள்ளை என்னா நினைக்கும்?" என்று கேட்டுவிட்டு, தானே ரப்பரோடு உட்கார்ந்துவிடுவாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரப்பர் தூள்தான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் தைக்கக் கொடுத்த சீருடையை வாங்கக் கோட்டக்குப்பம் போயிருந்தேன். திரும்பி வந்தால் நாவல் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மேசை மேல் இருந்தது. திறந்தேன். ஓரமெல்லாம் வெள்ளை.

"எவ்ளோ கிறுக்கி வெச்சிருந்த, இஸ்கூல் புக்கைப் போயி" என்றாள் அம்மா. "கையே வலிச்சுப்போச்சு."

"அம்மா, அதைத்தாம்மா நாளைக்குப் பார்ப்பாங்க."

"கிறுக்கறதையா?"

"ஆமா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன், அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்னு" என்றார் அப்பா.

"எப்ப சொன்னீங்க?"

"மனசுக்குள்ள."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவைத் திட்டவும் முடியவில்லை. அவள் முந்நூறு பக்கத்தையும் ஒன்றுவிடாமல் அழித்திருந்தாள்.

மறுநாள் வகுப்பில் மிஸ் ஒவ்வொருவர் புத்தகமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். புதுச்சேரிக்காரர், பல வருஷமாக இதே நாவலை நடத்துகிறவர். என்னுடையதைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"படிக்கலையா?"

"படிச்சேன் மிஸ். எழுதவும் செஞ்சேன். எங்கம்மா அழிச்சிட்டாங்க."

வகுப்பு சிரித்தது. பக்கத்து பெஞ்சுப் பையன், "அவங்கம்மா எடிட்டரா மிஸ்?" என்றான். மிஸ் சிரிக்கவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. "ரெண்டு வாரம் இருக்குது. திரும்பப் படிச்சு எழுதிட்டு வா" என்றார்.

இ.சி.ஆர். பஸ்ஸில் போகையில் வருகையில் திரும்பப் படித்தேன். இந்த முறை பயம் கூடவே உட்கார்ந்திருந்தது. தமிழில் எழுதினால் துரத்திவிடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, குண்டு குண்டான ஆங்கிலத்தில் எழுதினேன். வீடு என்பது நினைவின் குறியீடு. பனி என்பது தனிமையின் குறியீடு. மூன்றாம் அத்தியாயத்துக்குள் எல்லாமே எதற்காவது குறியீடாகிவிட்டது. ஓரங்கள் நிரம்பின, பார்க்க அழகாக இருந்தன. எனக்குப் பெருமைகூட வந்தது.

இரண்டாம் வெள்ளிக்கிழமை மிஸ் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டார். யார் இருப்பது, யார் போவது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். என் புத்தகத்தில் ஏழெட்டுப் பக்கம் பொறுமையாகப் படித்தார்.

"எங்கயாவது பார்த்து எழுதினதா?"

"இல்ல மிஸ். நானேதான்."

உண்மைதான். ஆனால் சொல்லும்போது என் குரல் எனக்கே திருட்டுக் குரல் மாதிரி கேட்டது. அவர் மூடப் போனார். மூடுகிற நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் பக்கத்தின் மேல் சாய்வாக விழுந்தது. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கீழ இது என்ன?"

நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். அம்மாவின் ரப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது, பள்ளம் அப்படியே இருந்தது. ஆங்கிலத்துக்கு அடியில் நிறமில்லாமல் தமிழ்.

"படி."

"வேணாம் மிஸ்."

"படிம்மா, பரவால்ல."

"'பொய் சொல்றா.'"

பக்கத்தைப் புரட்டினார். "இங்க?"

"'திரும்பவும் பொய்.'"

"இது?"

"'இவ புளுகறப்பல்லாம் எழுந்து டீ போடப் போயிடறா.'"

மிஸ் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கெல்லாம் என்று கேட்டார். நான் காட்டினேன். வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டதைத் தங்கையிடம் மறைக்கிற இடம், கடிதம் வரவே இல்லை என்கிற இடம், இன்னும் இரண்டு. ஒவ்வொன்றையும் தன் புத்தகத்திலும் எடுத்துப் பார்த்தார். அப்புறம் கடைசி அத்தியாயத்துக்குப் போய் விரலை வைத்தார்.

"இங்கயும் டீ இருக்குது. ஆனா இங்க உண்மையத்தான சொல்றா? அப்ப நீ சொல்றது நிக்கலையே."

எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. "அது இவ போட்டது இல்ல மிஸ். தங்கச்சி போட்ட டீ. இவ அன்னிக்கு எழுந்துக்கவே இல்ல."

அவர் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு மேசையிலிருந்து பென்சிலை எடுத்துத் தன் புத்தகத்தின் ஓரத்தில் என்னவோ குறித்தார்.

"திங்கட்கிழமை இதை கிளாஸ்ல சொல்லு. தமிழ்ல ஆரம்பிச்சாலும் சரி. ஆனா கட்டுரை இங்கிலீஷ்லதான் வேணும். ஒவ்வொரு டீக்கும் பக்க எண் போடணும்."

"அப்ப நான் இந்த கிளாஸ்லயே..."

"அடுத்த ஆளை வரச் சொல்லு."

வெளியே அந்தப் பக்கத்து பெஞ்சுப் பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். "என்னா சொன்னாங்க?"

"திங்கட்கிழமை பேசணுமாம்."

"அப்ப இருக்க. போறவங்களைப் பேசச் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டைத் திறந்து கட்டுரையின் முதல் வரியை எழுதினேன். அதில் 'குறியீடு' வந்தது, அடித்தேன். இரண்டாவது முறை எழுதியது எங்கேயோ படித்த மாதிரி இருந்தது, அதையும் அடித்தேன். மரக்காணம் வந்து இறங்கும்போது, அக்கா டீ போட எழுந்திருக்கிறாள் என்கிற ஒரே ஒரு ஆங்கில வரிதான் மிஞ்சியிருந்தது. அதற்கு அடுத்த வரி என்ன என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.