கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு லோடு ஆட்டோ

குடியரசு தினத்தன்று காலையில் நான் ஓடினேன்.

சிரிக்காதீர்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை. மஞ்சள் டி-ஷர்ட் போட்டு, நெஞ்சில் நம்பர் குத்தி, ஐந்து கிலோமீட்டர்... ஒரு நல்ல காரியத்துக்காக.

நல்ல காரியம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. கரியாலூர் பக்கம் மலையில் ஒரு மாணவர் விடுதி. தை மாதக் குளிரில் ஒரே போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள் சுருண்டு படுக்கிறார்கள். ஓடுகிறவர்கள் கட்டும் பணம் அவர்களுக்குப் போர்வையாகப் போகும். நானும் ஹாஸ்டலில் வளர்ந்தவன், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தக் குளிர் எனக்குத் தெரியும். உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

விழாக்குழுவில் எங்கள் ஆபீஸ் மேனேஜர் இருந்ததும் ஒரு காரணம். அதை மறைப்பானேன்?

கள்ளக்குறிச்சியில் தொடங்கி, கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பி, ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முடிய வேண்டும். முதல் கிலோமீட்டர் ராஜநடை. இரண்டாவதில் நாக்கு வெளியே. நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதிக்கிற உடம்பு, வேறு என்ன செய்யும்?

கச்சிராயபாளையம் ரோடு பிரிகிற இடத்தில் குறுக்கே கயிறு கட்டி வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். கயிற்றைப் பிடித்து நின்றவர் என்னைப் போலவே மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒரு வாலண்டியர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு லோடு ஆட்டோ. பின்னால் நிறையப் பெண்கள், மடியில் தூக்குவாளி.

"ஏய், நம்ம முருகன்டி அது! இன்னாடா, யாரு தொரத்துறாங்கன்னு இப்படி ஓடிக்கினு இருக்க?"

பூங்கொடியின் குரல். எங்கள் ஊர்ப் பெண். நடவு வேலைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் எங்கள் ஊர்தான். அவர்களுக்கு நடுவில் அஞ்சலைச் சின்னம்மா. என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

சின்னம்மா இறங்கி வந்தாள். "டேய், வந்து ரொம்ப நேரமா நிக்கறோம்டா. அங்க நாத்து பறிச்சிப் போட்டாச்சி. எட்டு மணிக்குள்ள சேத்துல எறங்கலன்னா வேற ஆளு வெச்சிக்கிறேன்னு நெலத்துக்காரரு நேத்தே சொல்லிட்டாரு. நீயும் இதே சட்டதான போட்டுக்கினு இருக்க? கயித்த எடுக்கச் சொல்லேன்."

ஒரு வார்த்தை போதும். 'வேலைக்குப் போகிறவர்கள், ஓரமாக விட்டுவிடுங்கள்' என்று வாலண்டியரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தடி தள்ளி மேனேஜர் ஓடிக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம்தான் சின்னம்மா... நல்ல காரியத்துக்கு ஓடறோம். எல்லாரும் கோஆபரேட் பண்ணணும்."

சொன்னது நான்தான். ஓட்டம் தொடங்கும்போது மைக்கில் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டு நகர்ந்தேன்.

எனக்கு அன்று லீவு. சம்பளத்தோடு லீவு. நாட்டுக்கே லீவு என்று நானாக நினைத்துக்கொண்டேன். பறித்துப் போட்ட நாற்றுக்கு ஏது லீவு?

முதுகுக்குப் பின்னால் பேச்சுக் கேட்டது.

"ஓடறவங்க மட்டும்தாங்க இதுக்கு மேல போலாம்." இது வாலண்டியர்.

"ஓடறவங்கன்னா உடுவியா?" இது பூங்கொடி.

"ஆமாங்க."

"அப்ப எறங்குங்கடி. ஓடுவோம்!"

கொஞ்ச நேரத்தில் தடதடவென்று காலடிச் சத்தம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூக்குவாளி ஒரு கையில், செருப்பு ஒரு கையில். என்னைத் தாண்டி ஓடினார்கள்... ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். "வழி உடுடா, ஆபீசரு!" என்று ஒரு குரல். சாலையோரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். இவர்களும் ஓட்டத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

சின்னம்மா கடைசி. அவளுக்கு முழங்கால் வலி. என் பக்கத்தில்தான் ஓடிவந்தாள். ஓட்டம் என்றா சொல்வது? நொண்டலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒன்று.

"மெதுவா வா சின்னம்மா."

"நீ மெதுவா வா. ஒனக்கின்னா, எப்ப போனாலும் சம்பளம் குடுப்பான்."

மைதானத்து வாசலில் பலூன் வளைவு. மற்ற பெண்கள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, வயலுக்குப் போகும் மண் ரோட்டில் எப்போதோ இறங்கிவிட்டிருந்தார்கள். ஒருத்தியையும் பிடிக்க முடியாத ஏமாற்றத்தில் விழாக்குழுவினர் நின்றிருந்தபோது சின்னம்மா வந்து சேர்ந்தாள். விடுவார்களா?

கழுத்தில் மெடல். கையில் வாழைப்பழம். "கிராமத்துத் தாய்மார்களும் நம்மோடு கைகோத்திருக்கிறார்கள்!" என்று மைக் அலறியது. சிறப்பு விருந்தினர் வரட்டும், போட்டோ எடுக்க வேண்டும், கொஞ்சம் இருங்கள் என்றார்கள்.

"நா போவணும் சாமி... நேரமாச்சி..." சின்னம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

மேனேஜர் கேட்டார், "முருகன், தெரிஞ்சவங்களா?"

"எங்க ஊருங்க சார்."

மூன்றே வார்த்தை. பொய் இல்லை. எங்கள் ஊர்தான். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியபோதெல்லாம் என் கன்னத்தைக் கிள்ளி, "எங்க அக்கா புள்ள" என்று தெருவுக்கே சொல்லித் திரிந்தவளை 'எங்க ஊரு' ஆக்கினேன்.

சின்னம்மாவின் காதில் அது விழுந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதற்கப்புறம் அவள் என்னை 'டேய்' போடவில்லை. சிறப்பு விருந்தினர் மெதுவாக வந்து, மெதுவாகப் பேசி, மெதுவாகச் சிரித்து, போட்டோ எடுத்து முடிந்ததும் என்னிடம் கேட்டாள்:

"நா கெளம்பட்டுங்களா தம்பி?"

அந்த 'ங்க' என் மேல் விழுந்த இடம் இன்னும் எரிகிறது.

போட்டோவில் நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

சாயங்காலம் ஊருக்குப் போனேன். சின்னம்மா வீட்டு வாசலில் நடவுக்குப் போய்வந்த பெண்கள் சிலர் காலில் சேறு காயாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பூங்கொடி ஆரம்பித்தாள்: "வாங்க சார், வாங்க. ஒங்க சின்னம்மா ஓடி கெலிச்சிட்டாங்க. நாங்கதான் நட்டுத் தோத்துட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும்.

விஷயம் பிறகு புரிந்தது. முன்னால் ஓடியவர்கள் நேரத்துக்குச் சேற்றில் இறங்கிவிட்டார்கள். ஒரு ஆள் குறைகிறதே என்று நிலத்துக்காரர் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டு இறக்கியிருக்கிறார். சின்னம்மா மெடலோடு போய் வரப்பில் நின்றபோது அவளுடைய வரிசையில் வேறொருத்தி நட்டுக்கொண்டிருந்தாள். ரோடு திறந்ததும் வந்த முதல் டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் கூலி போயிற்று.

பெண்கள் போன பிறகு கேட்டேன். "ஏன் சின்னம்மா நின்ன? போட்டோவும் வாணாம் ஒண்ணும் வாணாம்னு போயிருக்கலாம் இல்ல?"

"போயிருப்பேன்டா. ஒங்க ஆபீசரு நின்னுக்கினு இருக்காரு. நா பாட்டுக்குக் கைய ஒதறிட்டு ஓடினா, இன்னா சனங்கடா இதுன்னு ஒன்னத்தான கேவலமா நெனைப்பாரு?"

அதாவது, என் மானத்தைக் காப்பாற்ற அவள் நின்றிருக்கிறாள். நான் அவளை 'எங்க ஊரு' என்று சொன்ன பிறகும்.

"அத்த உடுடா. சாப்டியா?" என்றாள். 'டா' திரும்பி வந்துவிட்டது. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஆபீசில் மேனேஜர் போட்டோவைக் காட்டினார். "அந்தம்மா செம எனர்ஜி முருகன்! அடுத்த வருஷமும் அந்த லேடீஸை கூட்டிட்டு வந்துடுங்க. டி-ஷர்ட் ஃப்ரீ."

இப்போதாவது சொல்லிவிட வேண்டியதுதானே? வாய் வரை வந்தது. வெளியே வந்ததோ, "கேட்டுப் பாக்கறேன் சார்."

யோசித்துப் பார்க்கிறேன். யாருக்காகவோ ஓடுவது சுலபமாக இருக்கிறது. மலை மேல் இருக்கிற, முகம் தெரியாத பிள்ளைக்காக வேர்க்க விறுவிறுக்க ஓடிவிடலாம். பக்கத்தில் மூச்சு வாங்க நிற்கிறவளுக்காக ஒரு வார்த்தை பேசுவதற்குத்தான் தெம்பு இல்லை. இது எனக்கு மட்டும்தானா... உங்களுக்கும் உண்டா?

மேனேஜர், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர். நேரில் வராத வார்த்தை எழுத்தில் வருகிறது. சார், போர்வைகள் மலைக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கும் சந்தோஷம். அடுத்த வருஷமும் பணம் கட்டுகிறேன், ஓடுகிறேன். ஆனால் வேலைக்குப் போகிற வண்டிக்கு ரோட்டோரத்தில் கொஞ்சம் வழி விடச் சொல்லுங்கள். அந்தப் பெண்களுக்கு டி-ஷர்ட் வேண்டாம்.

அப்புறம் சார்... அந்தம்மா 'எங்க ஊரு' இல்லை. என் சின்னம்மா.