கம்பெனிப் பொடியும் கடைப் பொடியும்

மிளகாய்ப் பொடி பாக்கெட்டை எங்கே யார் பிரித்தாலும் அந்தக் காரம் எனக்கு மூக்கில் ஏறுவதற்கு முன்னால் கண்ணில் எரிகிறது. அது ஏன் என்று எழுத வேண்டும் என்று பல வருடமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அப்பா இருந்தவரை பயம். அவர் போன பிறகு அம்மாவின் மனம் நோகுமே என்ற தயக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடும்பம் நடத்துகிற, எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு எழுத்து எதற்கு என்ற கூச்சமும் இருந்தது. போன மாதம் அம்மாவை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தில் காதில் விழுந்த ஒரு பேச்சுக்குப் பிறகு, இனி எழுதாமல் இருந்தால் பாவம் என்று பட்டது. ஜெபித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பா ஒரு மசாலாக் கம்பெனிக்கு "லைன்" போகிறவர். வேனில் சரக்கை ஏற்றிக்கொண்டு கூமாப்பட்டி, மகாராஜபுரம் என்று ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருகிற வேலை. கம்பெனியின் படம் போட்ட சிவப்புத் தகர டப்பா ஒன்று எங்கள் அடுப்பு மேடையில், வேத வசனக் காலண்டருக்குக் கீழே எப்போதும் இருக்கும். "இந்த வீட்டுல கம்பெனிச் சரக்கத் தவிர வேற எதுவும் ஏறக்கூடாது" என்பது அப்பாவின் சட்டம். அவருக்கு வாய்க்கு முன்னால் கை வரும். காலையில் கோயிலில் காணிக்கைப் பையைப் பணிவாக நீட்டிய அதே கை, மத்தியானம் உப்புக் கூடிப்போனதற்காக அம்மாவின் தலையைச் சுவரில் மோதும்.

தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, மொட்டைமாடியில் மிளகாய் வற்றலைக் காயப்போட்டு, மில்லில் அரைத்து, தன் கடைப் பெயரையே அச்சடித்த கவரில் போட்டு விற்க ஆரம்பித்தார். கம்பெனிப் பொடியை விட விலை நன்றாகக் குறைவு. கவர் மட்டமான கவர்தான், நிறமும் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அரைக் கரண்டி போட்டால் குழம்பு நாக்கைச் சுண்டும். கம்பெனிப் பொடி கண்ணைப் பறிக்கிற சிவப்பு. அள்ளி அள்ளிப் போட்டாலும் காரம் ஏறாது, சட்டியின் அடியில் மாவாகத் தங்கும். அப்பாவுக்கும் அதை யாரும் சும்மா கொடுக்கவில்லை, காசு கொடுத்துத்தான் எடுத்தார். அதனால் அம்மா கடைப் பொடியை வாங்கி அந்தச் சிவப்பு டப்பாவில் கொட்டி வைத்தாள். "பாத்தியாட்டி, கம்பெனிச் சரக்குன்னா சும்மாவா!" என்று அப்பா விரலை நக்கும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது, அந்தச் சோறு எந்தெந்தக் கை வழியாக வந்ததோ அந்தக் கைகளையெல்லாம் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கக் கேட்பாள். அப்பா இல்லாத நேரம் அந்த வரிசை நீளமாக இருக்கும். அவர் இருந்தால் சுருக்கமாக முடிந்துவிடும்.

அண்ணாச்சியின் பொடியால் ஊருக்குள் கம்பெனிச் சரக்கு படுத்துவிட்டது. ஏன் என்று கேட்க வந்த சூப்பர்வைசரை, "நம்ம பொடியில வச்ச கோழிக்குழம்ப ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க சார், பொறவு பேசுங்க" என்று அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே அழைத்து வந்தார். இலை போட்டுப் பரிமாறியதும், "ஜெபம் பண்ணுட்டி" என்றார். அம்மா கண்ணை மூடினாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. நெல்லு வெளைய வச்ச மகராசபுரத்துக்காரங்கள ஆசீர்வதியும். கோழி வளத்துத் தந்த எங்க அத்தைய ஆசீர்வதியும். இந்தப் பொடிய அரைச்சுத் தந்த கடைக்கார அண்ணாச்சிய ஆசீர்வதியும்…"

ஆமென் சொல்ல ஆளில்லை. வாய் தவறி வந்ததா, ஆண்டவர் முன்னால் பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்னதா, நான் கடைசிவரை கேட்கவில்லை.

சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "என்னய்யா, ஊருக்கெல்லாம் நம்ம பொடி, ஒன் வீட்டுக்கு மட்டும் கடைப் பொடியா? தங்கச்சி, இன்னொரு கரண்டி ஊத்தும்மா. குழம்பு ஜோரா இருக்கு!"

அவர் போனதும் அப்பா கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பெல்ட்டை உருவி அது அறுந்து தொங்கும்வரை அடித்தார். பிறகு தலைமுடியைப் பிடித்து அம்மாவைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அந்த டப்பாவில் கையை விட்டுக் கடைப் பொடியை அள்ளி வலது கண்ணில் வைத்துத் தேய்த்தார். தன் லைன் பையிலிருந்து ஒரு கம்பெனிப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து இடது கண்ணில் தேய்த்தார்.

"சொல்லுட்டி, எது ஒஸ்தி? எது எரியுது, சொல்லு!"

அம்மா போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. நான் புழக்கடைச் சுவரில் ஏறிக் குதித்து ஓடி அண்ணாச்சியை இழுத்து வந்தேன். அவர் தோளால் மோதிக் கதவை உடைத்தார். "ஏலே, நீயெல்லாம் மனுசனாலே!" என்று உள்ளே பாய்ந்தவரின் நெற்றியில் அப்பா டப்பாவாலேயே அடித்தார். தகரம் கிழித்து ரத்தம் கொட்டியது. அண்ணாச்சி அதைத் துடைக்கக்கூடச் செய்யாமல் குடத்தோடு தண்ணீரை அம்மாவின் முகத்தில் ஊற்றினார்.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த அம்மாவுக்கு நான் முதல் வாய்க் கஞ்சியை நீட்டியபோது, கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுட்டி, ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றாள். அரிசி தந்தவரைச் சொன்னாள், கஞ்சி காய்ச்சினவரைச் சொன்னாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "பொடி அரைச்சுத் தந்த அண்ணாச்சியையும் ஆசீர்வதியும்" என்றாள். கட்டில் பக்கத்தில் நின்ற அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் அம்மாவை அடிக்கவில்லை.

இடது கண் தப்பியது. வலது கண்ணில் புண் விழுந்து வெள்ளை படர்ந்து, பார்வை போனது. வெகு காலம் கழித்து, நானும் அவளும் தனியாக இருந்தபோது அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி பொடி சுத்தமான பொடிட்டி. கம்பெனிக்காரன் கலந்த மாவுதான் எனக்கு ஒரு கண்ண மிச்சம் வச்சுது." என்னால் சிரிக்க முடியவில்லை.

ஊருக்கு அப்பா சொன்னது வேறு. பொடி சலிக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது என்றார். அம்மாவும் மறுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஒனக்கு ஒரு கல்யாணம் ஆகணும்லாட்டி" என்றாள். அந்தக் கதையைத்தான் போன மாதம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு உறவுக்காரர் என் மகளிடம் சொன்னார்: "ஒங்க அம்மாச்சிக்கு பொடி சலிக்கும்போது கண்ணு போச்சு. ஒங்க தாத்தா தங்கமான மனுசன், கையப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டு வருவாரு."

அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணாச்சியும் இல்லை, அப்பாவும் இல்லை, அந்தச் சிவப்பு டப்பாவும் இல்லை. போன வாரம் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கம்பெனிப் பொடியும் அந்தக் கடையே தன் பெயர் போட்ட பொடியும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு, எதும்மா ஒஸ்தி?" என்றாள் மகள். சுற்றிலும் ஆட்கள் நிற்க, அந்த இடத்திலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அப்பாவை இன்னும் கெட்டவராக்க வேண்டாம், அம்மாவைப் பரிசுத்தவாட்டி ஆக்கவும் வேண்டாம். எதையும் கலக்காமல், நான் கொடுத்தபடியே கொடுங்கள். பொடி சலிக்கும்போது பட்டது என்று யாராவது சொன்னால், படவில்லை, தேய்த்தார் என்று சொல்லுங்கள்.