இலை முடியட்டும்

"டிக்கெட், யக்கா" என்று கண்டக்டர் கேட்டு எவ்வளவோ நேரமாகிவிட்டது. அம்மாக்கண்ணு நிமிரவில்லை. பஸ் ஆலங்காயத்தை விட்டு மலை வளைவில் முனகிக்கொண்டு ஏறுகிறது. மடியில் மந்தாரை இலைக்கட்டு, கொண்டையில் செருகிய மூங்கில் குச்சிகள், கையில் பாதி தைத்த சாப்பாட்டு இலை. குச்சி இலைக்குள் போய் வெளியே வரும்போதெல்லாம் உதடு 'கோவிந்தா' என்று அசைகிறது. கடைசித் தையலையும் போட்டு, இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் முகம் திரும்புகிறது.

"இன்னா கேட்ட நைனா?"

"ஒண்ணும் கேக்கல, தாயே. மெதுவா குடு" என்று கண்டக்டர் கும்பிடு போட, பஸ்ஸே சிரிக்கிறது.

நானோ பிறவி வாயாடி. ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், பேச்சுத்துணைக்கு ஆள் தேடி அவர் வாசலில் போய் உட்கார்ந்தேன். நாலைந்து கேள்வி கேட்டும் பதிலே இல்லை. "பாவம், காது மந்தம் போலிருக்கிறது" என்று வாய்விட்டே சொல்லித் தொலைத்தேன். இலை முடிந்தது. "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது சார். உங்க கை சும்மாதான கீது? இந்த மூங்கில சீவுங்க" என்று கத்தியை நீட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் சம்பளமில்லாத ஆள்.

மலையடிவாரத்து ஒடுகத்தூர் கல்யாண வீடுகளில் அம்மாக்கண்ணு இலை என்றால் தனி மதிப்பு. பாதியில் பேசினால் என்ன குடி முழுகிவிடும் என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"சோறு வெக்கிற எல சார். கத பேசிக்கினே தச்சா ஒரு தையல் தப்பும். கொழம்பு ஒழுவி, எவனோ ஒருத்தன் புது வேட்டியில வுழும். பசியில வந்தவன் அவன். இன்னா பாவம் பண்ணான்?"

சிடுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். பொழுது சாய்ந்து கடைசி இலையை அடுக்கிவிட்டால் ஊர்க்கதை முழுக்க அவர் வாயில்தான். யார் வீட்டு ஆடு யார் காட்டில் மேய்ந்தது என்பதை நடித்தே காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிடும்.

"இவ்வளவு வேலைக்கு நடுவில் சாமி கும்பிடுவது எப்போது அக்கா?" என்று கேட்டேன். மடியில் இருந்த இலை முடியும்வரை காத்திருந்தேன்.

"இன்னா சார் கேள்வி இது? இப்போ இன்னா பண்ணிக்கினு கீறேன்?"

நான் அடுத்த மூங்கிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தேன்.

இதற்குப் பின்னால் இருந்த விஷயத்தைச் சொன்னவர் அவர் கணவர் கருப்பன். முன்பு விறகுக்குப் போன இடத்தில் அம்மாக்கண்ணுவின் வலது கையில் விரியன் கடித்துவிட்டது. உயிர் தப்பியது. விரல்கள் மட்டும் குச்சிகுச்சியாக விறைத்து நின்றுவிட்டன. ஒரு வருஷம் போல மடங்கவே இல்லை. கருப்பன்தான் சோறு பிசைந்து ஊட்டினார். விரல் மடங்கினால் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, மலைப் பெருமாள் கோயில் சாப்பாட்டுக்கு இலை முழுக்கத் தன் கையால் தைத்துத் தருவதாக அம்மாக்கண்ணு வேண்டிக்கொண்டார். மெல்ல மெல்ல மடங்கியது. வருஷா வருஷம் இலையும் போகிறது.

"சாமி திருப்பிக் குடுத்த வெரலு சார். இத்த வெச்சிக்கினு சும்மா குந்தி காது கொடையலாமா?" என்பார்.

போன புரட்டாசியில் சோதனை வந்தது. ஒரு வாரமாகப் பேய்மழை. மூன்றாம் சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கூரை ஒழுகி, கோயிலுக்கென்று அடுக்கியிருந்த கட்டு பூராவும் பூஞ்சை பிடித்துவிட்டது. அம்மாக்கண்ணு அதைப் பார்த்தார். எருக்குழியில் கொண்டுபோய்க் கொட்டினார். கருப்பனைக் காட்டுக்கு அனுப்பிப் புது இலை பறித்து வரச் சொன்னார். அவ்வளவுதான், ஒரு புலம்பல் இல்லை.

அன்று மாலை பார்த்தா வீடியோவில் படம் காட்டும் ஒடுகத்தூர் துரைக்கண்ணு ஜீப்பில் டிவி, டெக்கு, ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்! மலையில் அதுவரை யாரும் வீடியோ பார்த்ததில்லை. குஞ்சு குளுவானோடு ஊரே ஓடியது. கருப்பனுக்கும் கால் நிற்கவில்லை.

"வாமே, ஒரே ஒரு படம். பாத்துட்டு வந்து தைக்கலாம்."

இலை முடிந்தது. "நீ போய்ப் பாத்துட்டு வாய்யா. நாளைக்கு நான் எல தைக்கிறப்போ எதிர்ல குந்தி கதைய சொல்லு. சண்டையெல்லாம் வுடாம சொல்லணும்."

சனிக்கிழமைக்குள் முடியாது என்றே நினைத்தேன். எனக்குத்தான் பதற்றம், அவருக்கு இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க நான் குச்சி சீவினேன், கருப்பன் படக்கதை சொன்னார். தூக்கம் கலையாத கண்ணோடு வந்த பக்கத்து வீட்டு முனியம்மா இலையைத் துடைத்துக் கொடுத்தார். அம்மாக்கண்ணு தைத்தார். சண்டைக் காட்சியில் மட்டும் தையல் கொஞ்சம் வேகமாக விழுந்தது என்பது என் சந்தேகம்.

சனிக்கிழமை கோயிலில் கூட்டம் எள் போட்டால் விழாது. புதுச் சாமையில் பொங்கல், மொச்சைக் குழம்பு. இலை போதுமா, போதாதா என்று என் கண் அந்த அடுக்கின் மேலேயே இருந்தது. பந்தி பந்தியாக எல்லாருக்கும் வந்துவிட்டது. எனக்கும் ஒன்று. சாமி விஷயத்தில் நான் சோம்பேறி. அன்றைக்கு இந்த அம்மாளை எனக்குத் தெரியவைத்ததற்காக மனசு நிறைந்து கும்பிட்டேன்.

கடைசிப் பந்தியில் அம்மாக்கண்ணு உட்கார்ந்தபோது அடுக்கில் ஒரே இலை மிச்சம். டிவியையும் டெக்கையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய துரைக்கண்ணு சோற்று வாசனைக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தார். "குந்து நைனா" என்று அந்த இலையை அவர் முன்னால் போட்டார் அம்மாக்கண்ணு.

"அக்கா, இருங்கள், நான் ஏதாவது தட்டு..." என்று எழுந்தேன். கையமர்த்திவிட்டார்.

பொங்கல் வாளியோடு வந்த கருப்பன் மனைவி எதிரில் நின்றார். இலை இல்லாத தரையைப் பார்த்தார். "சுடும்மே" என்றார்.

அம்மாக்கண்ணு வலது கையை நீட்டினார். விரல் ஐந்தையும் நெருக்கிச் சேர்த்து, கிண்ணம்போலக் குழித்துக் காட்டினார்.