பன்னிரண்டாவது கல்

வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் முற்றத்தை மட்டுமல்ல, சரித்திரத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடுவார்கள்.

பூதப்பாண்டிக்கு மேற்கே, மலையடிவாரத்து வாழைவிளை ஒன்றில் ஒரு கல்வட்டம் இருந்தது. பழங்காலத்து மனிதர்கள் செத்தவரை அடக்கம் செய்து, சுற்றி நட்ட பன்னிரண்டு கற்கள். முழங்கால் உயரம்தான். இதுவரை யாரும் அளந்து பதிவு செய்ததில்லை. கல்லூரியில் சரித்திரம் நடத்தும் நான் மூன்று வருடம் கடிதமாக எழுதித் தள்ளி, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதை அளக்க ஏற்பாடு செய்திருந்தேன். தோண்ட அனுமதியில்லை, மேலாக அளக்க மட்டும்தான்.

அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அளக்க வந்த மதாம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினால் வட்டத்தைக் காணோம். பாதையின் இரு பக்கமும் ஆறாறாகக் கற்கள், சுண்ணாம்பு பூசி நிற்கின்றன. குழிகளை மூடி, மண்ணை நிரவி, தண்ணீரும் தெளித்தாயிற்று. அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர், விளைக்கார அண்ணாச்சி, கையில் செவ்விளநீரோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"அவிய எவ்வளவு தூரத்துலேருந்து வாறாவ. வழி அலங்கோலமா கிடந்தா நமக்குல்லா கேவலம்?"

எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். "இத்தனை காலம் மழையும் காட்டுப்பன்னியும் அசைக்காத கல்லை ரெண்டு நாள்ல பிடுங்கிட்டீரே, அண்ணாச்சி!" என்று கத்திவிட்டேன். அவர் இளநீரை மெதுவாகக் கீழே வைத்தார்.

மதாம்மா கோபப்படவில்லை. கற்கள் நின்ற இடங்களை இவரால் காட்ட முடியுமா என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னதும் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

"இதுல பசுவைக் கெட்டுவேன். இதுல இடிச்சுக் கால் நகம் பேந்திருக்கு. இதுல உக்காந்துதான் கஞ்சி குடிப்பேன்."

அவர் கால் நின்ற இடத்திலெல்லாம் மதாம்மா முளைக்குச்சி அடித்துக் குறித்துக்கொண்டே வந்தார். பதினொன்று ஆனது. கடைசிக் கல்லுக்கு அண்ணாச்சி அங்குமிங்கும் நடந்தார், தலையைச் சொறிந்தார். வட்டம் முழுசாகிவிட்டால் என் மூன்று வருட உழைப்பு பிழைத்துக்கொள்ளும். பக்கத்தில் போய் முணுமுணுத்தேன்: "ஒரு உத்தேசமா எங்கயாவது காட்டும், அண்ணாச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாததை எப்பிடி சாரே தெரியும்னு சொல்லது? அந்த ஒண்ணு எங்க நின்னுதுன்னு ஓர்மை இல்ல."

என்ன சொல்கிறார் என்று மதாம்மா கேட்டார். சொன்னேன். அவர் தான் வரைந்துகொண்டிருந்த படத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டார். "இதனால்தான் மற்ற பதினொன்றையும் நம்புகிறேன்" என்றார். அண்ணாச்சியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. வெட்கம் விடவில்லை.

அண்ணாச்சி சொன்னதை மதாம்மாவுக்கு மொழிபெயர்த்துவிட்டேன். அதற்கு முன் நான் அண்ணாச்சியிடம் முணுமுணுத்ததை இன்றுவரை மொழிபெயர்க்கவில்லை.